உழைத்த உடலும் ஓய்ந்த உடலும்

கிராமவாசிகளுக்குத் தேகப் பயிற்சி எதற்கு என்று வினவுவோர் இன்றும் உளர். நாற்காலியில் அமர்ந்து எழுதுவோருக்கே அது வேண்டும், உழுது உண்பவனுக்கு வயலே பயிற்சிக் கூடம் என்பது அவர்கள் வாதம். கவலை இறைத்தும் ஏர் பிடித்தும் வாழ்ந்த காலத்தில் இது பொருந்தியது. இன்றோ நீர் இறைப்பது மின்சார மோட்டார், உழுவது டிராக்டர், அறுப்பதும் இயந்திரமே. அரை மைல் தொலைவிலுள்ள வயலுக்கும் நாம் மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். வேலை குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. (நாள் முழுதும் குனிந்து களை எடுக்கும் கூலிப் பெண்களுக்கு இதனைக் கூறவில்லை. அவர்களுக்கு வேண்டியவை ஓய்வும் நல்ல உணவுமே.)

1953-ல் ஜெரி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் லண்டன் நகரப் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒரே வண்டியில் பணியாற்றினாலும், அமர்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஓயாது ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. டிராக்டர் ஆசனத்தில் அமர்ந்திருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நகரத்தில் இது மிகுதி என்பது உண்மையே; ஆயினும் கிராமத்தையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை.

இனி, பல ஆண்டு ஓய்ந்திருந்தவர் எவ்வாறு தொடங்குவது? இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு முன் நெல் மூட்டையைத் தனியே தூக்கியவர், அந்த நினைவிலேயே முதல் நாள் ஐந்து மைல் நடந்துவிடுகிறார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்குகிறது. நான்காம் நாள் நடையே நின்றுபோகிறது. பல மாதம் கொட்டிலில் நின்ற எருதை முதல் நாளே முழு ஏருக்குப் பூட்டுவார் எவருமில்லை. நம் உடலுக்கு மட்டும் அந்த இரக்கத்தைக் காட்ட மறுக்கிறோம்.

முதல் வாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம், சமதரையில் நடந்தாற் போதும். பின்னர் வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டலாம். களைப்பு மிகுந்தால் அதே அளவில் மற்றொரு வாரம் நிற்கலாம். ஓரிரு மாதங்களில் அரை மணி நேரம் எளிதாகிவிடும். வாரத்தில் ஐந்து நாள் அவ்வாறு நடந்தால் 150 நிமிடமாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்கு வகுத்த குறைந்த அளவு இதுவே. நடை வேகத்தை அறியக் கருவி வேண்டுவதில்லை: உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியாதிருக்க வேண்டும். இதனுடன் வாரம் இருமுறை, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்ந்தால் தொடைத் தசைகள் வலுப்பெறும்.

இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் உடையோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே மாத்திரை பெறுவோரும் இதில் அடங்குவர். இன்சுலின் செலுத்திக்கொள்வோர் மடியில் சிறிது சர்க்கரை வைத்திருத்தல் நலம். நீரிழிவு உடையோர் எவரும் செருப்பின்றி நடத்தலாகாது. நடக்கையில் மார்பில் இறுக்கமோ, இடக் கையிலோ தாடையிலோ பரவும் வலியோ, மயக்கமோ தோன்றினால் உடனே அமர்ந்து 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சோடா அருந்திக் காலம் போக்கியதால் போன உயிர்கள் உண்டு.

எடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்து செலவிடுவது ஏறக்குறைய 120 கலோரியே. திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் ஒரு வடையும் சர்க்கரை மிகுந்த தேநீரும் உண்டால் கணக்குச் சரியாகிவிடும்! ஆதலால் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்தில் கீரையும் பயறும் சேர்த்தாலன்றி எடை இறங்காது. வாரத்திற்கு அரை கிலோ குறைந்தாலே மிகுதி. தராசு அசையாத வாரங்களிலும் இடுப்புச் சுற்றளவு குறையக்கூடும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருப்பது நன்று. தையற்காரரின் நாடா ஒன்று போதும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஆடவர் எங்கும் நடப்பர். பெண்கள் நடக்க இடமில்லை. சாலையோரம் லாரிக்கு அஞ்ச வேண்டும், ஏரிக்கரையில் முள்ளுக்கும் இருளுக்கும் அஞ்ச வேண்டும். ஏரிக்கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டி, கால் மைல் தூரம் மண் பாவி, நான்கு விளக்குகள் அமைக்க அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டு வரலாம். விளக்கு எரியத் தொடங்கிய பின், விடியற்காலை ஐந்து மணிக்கு மகளிர் குழுவினர் பத்துப் பேராகச் சேர்ந்து செல்வார்களாயின், தனியே செல்லத் தயங்கும் பதினொராமவரும் கதவைத் திறந்து வெளியே வருவார்.