எடை குறைஞ்சா வேகம் கூடுமா?

விளையாட்டு மருத்துவம் பற்றி வாசிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. கோச், டாக்டர், பெற்றோர் எல்லாரும் பக்கத்தில் இருந்தும், ஒரு இளம் வீராங்கனை சரியா சாப்பிடாம இருப்பது எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறது?

கிறிஸ்டி ஹென்ரிச் ஒரு அமெரிக்க ஜிம்னாஸ்ட். 1976 ஒலிம்பிக்ஸில் 14 வயது நாடியா கொமனேச்சியை டிவியில் பார்த்த பிறகு, ஜிம்னாஸ்ட்னாலே சின்னப் பெண்ணின் உடம்புதான் என்று உலகம் முடிவு பண்ணியிருந்த காலம். 1988-ல் புடாபெஸ்ட் போட்டியில் ஒரு நடுவர் கிறிஸ்டியிடம், ஒலிம்பிக் அணிக்கு வரணும்னா எடையைக் குறைக்கணும் என்றார். அடுத்த வருஷமே உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பிரிவில் நான்காம் இடம். 1994 ஜூலையில் அனோரெக்ஸியாவால் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 22.

(கடைசியில் அவர் எடை எவ்வளவு என்பதை வேணும்னேதான் எழுதவில்லை. இதே நோயில் இருப்பவருக்கு அந்த எண் எச்சரிக்கையாகப் படாது, இலக்காகத்தான் படும்.)

இதில் கவனிக்க வேண்டியது அந்த நான்காம் இடம். எடை குறையும்போது முதல் சில மாதம் பலருக்கு ரிசல்ட் நல்லாவே வரும். கோச் பாராட்டுவார். "என்ன ஃபிட்டா இருக்காங்க" என்று டிவியில் சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு.

பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தியில்தான் உடம்பு மற்ற வேலைகளைப் பார்க்கணும். அது போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாததை நிறுத்தும். மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு பலவீனமாகும். எலும்பின் பெரும்பகுதி வளர்இளம் பருவத்தில்தான் சேரும். அப்போ விட்டதைப் பிறகு முழுசா ஈடுகட்டுவது கஷ்டம்.

ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2013-ல், 17 வயதில், உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். 2019-ல் அவரே வெளியே சொன்னார்: எடையைக் குறை, இன்னும் குறைன்னு பயிற்சிக் குழு அழுத்தியது, மூன்று வருஷம் பீரியட்ஸ் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன.

2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. இது ஆண்களுக்கும் வரும். உணவுக் கோளாறு எதுவும் இல்லாமல், உழைப்புக்கு ஏற்ற அளவு சாப்பிடாவிட்டாலே வரும். அதனால் "என் பொண்ணு நல்லாத்தானே சாப்பிடுறா" என்பது பதில் ஆகாது.

உங்க வீட்டில் பயிற்சிக்குப் போகும் பெண் இருந்தால், "கடுமையா பயிற்சி பண்றா, அதான் பீரியட்ஸ் வரலை" என்று விட்டுடாதீங்க. தொடர்ந்து மூன்று மாதம் வரலைன்னா டாக்டரிடம் போங்க. அடிக்கடி எலும்பில் விரிசல், சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, தீராத களைப்பு, இவையும் அறிகுறிகள்தான். மெடல் வந்துகிட்டு இருக்கும்போதும் கேளுங்க. கேட்க ரொம்ப அவசியமான நேரமே அதுதான்.