ஆம்பூர் டேனரியில் சீவி எடுக்கும் ஜவ்வுக்கும் இன்சுலின் ஊசிக்கும் என்ன தொடர்பு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... இந்தப் பக்கம் உள்ள டேனரிகளில் சுண்ணாம்பில் ஊறி வெளியே வரும் தோல், ஃபிளஷிங் மெஷினுக்குப் போகும். சுழலும் கத்திகள், தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜவ்வு, கொழுப்பு, இறைச்சித் துணுக்கு எல்லாவற்றையும் சீவி எடுத்துவிடும். அது ஷூவாகவோ பெல்ட்டாகவோ மாறாது. பசை, ஜெலட்டின் தயாரிக்க வேண்டுமானால் போகும். அந்த ஜவ்வை ஒதுக்கிய பிறகுதான் மிச்சம் இருப்பது லெதர் ஆக முடியும்.

லெதர் டெக்னாலஜி படித்தவர்கள் இந்த ஜவ்வு அடுக்கை ‘சப்கியூட்டிஸ்’ என்பார்கள். ஆம்பூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில், வேலூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் ஒருவர் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பார். அந்த மருந்து போய்ச் சேரும் இடமும் இதே அடுக்குதான். கேஸ் ஷீட்டில் ‘எஸ்.சி.’ என்று சுருக்கமாக எழுதியிருக்கும். விரித்துச் சொன்னால் ‘சப்கியூட்டேனியஸ்’. டேனரியில் கழித்துக் கட்டும் அடுக்கு, வார்டில் மருந்து ஏறும் வழி!

லத்தீனில் ‘கியூட்டிஸ்’ என்றால் தோல். ‘சப்’ என்றால் கீழே, அடியில். கலெக்டருக்குக் கீழே சப்-கலெக்டர், இன்ஸ்பெக்டருக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர், ரோட்டுக்குக் கீழே சப்வே. தினமும் நாம் சொல்லும் அதே ‘சப்’தான் மருந்துச்சீட்டிலும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் வந்து நிற்கிறது. நீளமான மருத்துவ வார்த்தையைப் பார்த்ததும் பயப்படுகிறோம். ஆனால், அதில் பாதி வெறும் அட்ரஸ்தான்.

மூன்று அடுக்கு, மூன்று ஊசி

ஆட்டுத்தோலோ, மாட்டுத்தோலோ, நம்ம தோலோ, அடிப்படை அமைப்பு ஒன்றுதான். மேலே மெல்லிய எபிடெர்மிஸ். டேனரியில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்து முடியோடு சேர்த்து இதைக் கழற்றிவிடும். நடுவில் டெர்மிஸ்: கொலாஜன் நார்கள் பின்னிக்கிடக்கும் உறுதியான அடுக்கு. குரோமோ ஆவாரம் பட்டையோ போட்டுப் பதனிடுவது இதைத்தான். உங்கள் லெதர் ஷூ என்பது டெர்மிஸ், அவ்வளவுதான். அதற்கும் கீழே கொழுப்பும் ஜவ்வுமாக சப்கியூட்டிஸ். அதைத் தாண்டினால் தசை.

இப்போது வீட்டில் இருக்கும் குழந்தையின் தடுப்பூசி அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி., தோலுக்குள்ளேயே, அதாவது லெதர் ஆகும் அந்த டெர்மிஸ் அடுக்கில் போடப்படுகிறது. 9 மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, தோலுக்கு அடியில். தொடையில் போடும் பென்டாவேலன்ட், தசைக்குள். ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே, ‘சப்’ என்றால் அடியில். ஆக இன்ட்ராடெர்மல், சப்கியூட்டேனியஸ், இன்ட்ராமஸ்குலர் என்பவை மூன்று மருந்தின் பெயர்கள் அல்ல. ஊசி முனை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் மூன்று இடங்கள்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது?

ஆகும். பி.சி.ஜி. தவறுதலாகத் தோலுக்கு அடியில் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் சீழ்க்கட்டி வர வாய்ப்பு அதிகம். நாய்க்கடி ஊசியும் இப்படித்தான். தோலுக்குள் போடும் முறையில் ஒரு இடத்துக்கு 0.1 மி.லி. மட்டுமே ஏற்றுவார்கள். சரியான அடுக்கில் இறங்கினால் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும். கொப்புளம் வரவில்லை என்றால் மருந்து கீழே போய்விட்டது என்று அர்த்தம், வேறு இடத்தில் திரும்பப் போட வேண்டும்.

இன்சுலினில் பிரச்சினை தலைகீழ். ஒல்லியான ஒருவர், காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நீளமான ஊசியைத் தோலை மடித்துப் பிடிக்காமல் தொடையில் நேராகக் குத்திக்கொள்கிறார் என்று வையுங்கள். மருந்து சப்கியூட்டிஸைத் தாண்டி தசைக்குள் போய்விடும். தசையில் ரத்த ஓட்டம் அதிகம். அதிலும் அவர் நடந்து, மூட்டை தூக்கி வேலை செய்தால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். அரை நாளில் மெதுவாக இறங்க வேண்டிய சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்வை, கை நடுக்கம், மயக்கம் வரை போகலாம்.

ஊசி போடும் இடங்களில் தோலின் தடிமன் சராசரியாக 2 மி.மீ. அளவுதான். அதனால்தான் இப்போது பேனா இன்சுலினுக்கு 4 மி.மீ. ஊசியே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்கிறார்கள். அது தோலைத் தாண்டி ‘சப்’பில் நிற்கும், தசையைத் தொடாது.

அடிநாக்கா, நாவடியா?

லத்தீன் ‘சப்’ வார்த்தைக்கு முன்னால் வரும். தமிழில் பெரும்பாலும் பின்னால் வைக்கிறோம்: தோலடி, நாவடி. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த ‘நாவடிச் சுரப்பி’தான் ஆங்கில மீடியத்தில் ‘சப்லிங்குவல்’. பொருளை முதலில் சொல்லி, இடத்தை அப்புறம் சொல்கிறது தமிழ். முன்னால் போட்டால் அர்த்தமே மாறிவிடும். ‘அடிநாக்கு கசக்குது’ என்கிறோமே, அது நாக்கின் பின்பக்க வேர்ப்பகுதி. நாக்குக்குக் கீழே அல்ல.

இது சும்மா இலக்கண விளையாட்டு இல்லை. நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் போன்ற மாத்திரைகளைச் சப்லிங்குவலாக வைக்கச் சொல்வார்கள். “நாக்குக்கு அடியில வெச்சிக்கோங்க, முழுங்கிடாதீங்க.” நாக்கின் அடிப்பக்கம் மெல்லிய சவ்வும் நிறைய ரத்தக்குழாய்களும் உள்ள இடம். மாத்திரை கரைந்து நேராக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். பதற்றத்தில் அடிநாக்கில் போட்டால் அது தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும். அங்கிருந்து கல்லீரலுக்குப் போய், மருந்தில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். பலனும் தாமதமாகும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கொஞ்சம் பிடிபடும். ‘கிளாவிக்கிள்’ என்றால் காறை எலும்பு, ஆக சப்கிளேவியன் அதற்குக் கீழே ஓடும் ரத்தக்குழாய். மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்கு டியூரா என்று பெயர். அதற்கு அடியில் ரத்தம் சேர்ந்தால் சப்டியூரல். வயதானவர்கள் பாத்ரூமில் லேசாகத் தலையை இடித்துக்கொண்ட சம்பவத்தையே வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். சில வாரம் கழித்துத் தலைவலி, குழப்பம், நடையில் தடுமாற்றம். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இந்த மெதுவான கசிவுக்காகத்தான்.

ஒரே அர்த்தம், இரண்டு மொழி

மருத்துவத்தில் லத்தீனுக்குப் போட்டியாகக் கிரேக்கமும் உண்டு. கிரேக்கத்தில் அடியில் என்பதற்கு ‘ஹைப்போ’. சப்கியூட்டிஸும் ஹைப்போடெர்மிஸும் ஒன்றே. ஆனால், எல்லா இடத்திலும் இப்படி மாற்றிப் போட முடியாது. மூளையில் தலாமஸுக்குக் கீழே ஹைப்போதலாமஸும் உண்டு, சப்தலாமஸும் உண்டு. பெயரின் அர்த்தம் ஒன்று, பகுதிகள் வேறு வேறு. பசி, தாகம், உடல் வெப்பத்தை எல்லாம் கவனிப்பது முதலாவது. உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்துவதில் பங்கெடுப்பது இரண்டாவது. பெயர் வைத்தவர்கள் மாணவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை போல.

சில இடங்களில் ‘சப்’ வேஷமும் மாறும். ‘ப’ ஓசைக்கு முன் ‘சப்’பின் கடைசி எழுத்தும் அதோடு ஒட்டிப்போகும். கீழே வைப்பது என்ற பொருளில் வந்ததுதான் சப்போசிட்டரி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆசனவாயில் வைக்கிறார்களே, அந்த மாத்திரை. ‘ஃப’ முன் வந்தால் ‘சஃப்’. மூச்சுத்திணறலைக் குறிக்கும் சஃபொகேஷனுக்குள்ளும் ‘தொண்டைக்கு அடியில்’ என்ற லத்தீன் ஒளிந்திருக்கிறது.

எல்லா ‘சப்’பும் இடம் இல்லை

உயிரியலில் சப்ஸ்பீசிஸ் என்றால் ஸ்பீசிஸுக்கு அடியில் புதைந்த ஏதோ ஒன்று அல்ல, அதன் உட்பிரிவு. தமிழ்ப் பாடநூல் இங்கே ‘அடி’யை விட்டுவிட்டு ‘துணை’யை எடுத்துக்கொண்டது: துணைச் சிற்றினம். லத்தீன் ஒரே வார்த்தையில் கலந்துவைத்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தவர்களைக் குழப்பும் ‘சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்’ இன்னொரு ரகம். இங்கே ‘சப்’ என்பது எல்லையைத் தொடாத நிலை. நோய் வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு வரவில்லை, ஆனால் ரத்தத்தில் தடயம் இருக்கிறது. டி.எஸ்.ஹெச். கூடியிருக்கும், டி4 நார்மலாக இருக்கும். பார்த்ததும் மாத்திரை வாங்க ஓடுவதும் தப்பு, ரிப்போர்ட்டை டிராயரில் போட்டு மூடுவதும் தப்பு. பல பேருக்கு அடுத்த டெஸ்ட்டில் அது தானாகவே நார்மலுக்குத் திரும்பியிருக்கும். டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்வது அதனால்தான்.