எழுபதில் ஓய மறுத்த ஆசான்

அமெரிக்கர் ‘புட்போல்’ என்று போற்றும் ஆட்டம் நம் மாணவர் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மறித்து வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. ‘றகர்’ ஆட்டம் அறிந்தோர் அதன் பிறப்பிடத்தை எளிதில் ஊகிப்பர். இம்முரட்டு விளையாட்டைப் பயிற்றுபவரும் ஆசிரியரே என்று ஒரு சர்வகலாசாலை ஏற்றுக்கொண்ட வரலாறும், அதனால் விளைந்த விசித்திரமும் நாம் அறியத்தக்கவை.

அமொஸ் அலொன்சோ ஸ்டாக் 1862 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தில், பாதரட்சை தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சமய போதகராகும் எண்ணத்துடனேயே யேல் சர்வகலாசாலையை அடைந்தார். ‘பேஸ்போல்’ ஆட்டத்தில் அவர் பந்தெறியும் திறங்கண்ட தொழில்முறைக் குழுவினர் பணங்காட்டி அழைத்தனர். வறுமையில் வாடிய அம்மாணவர் அதனை மறுத்துவிட்டார். 1889 இல், நாடு முழுவதிலுமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட முதலாவது ‘புட்போல்’ வீரர் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

ஆயினும், பிரசங்க மேடைக்கு வேண்டிய சொல்வன்மை தமக்கு இல்லையென்பதை அவர் கண்டார். அதன்பின் இளைஞரை நல்வழிப்படுத்தும் இடம் விளையாட்டு மைதானமே எனத் துணிந்து, ஸ்பிரிங்பீல்டிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கேதான் கூடைப்பந்தாட்டம் உருவாயிற்று. 1892 மார்ச் மாதத்தில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்ந்த அதன் முதல் ஆட்டத்தில் ஆசிரியர் அணி மாணவரிடம் ஐந்துக்கு ஒன்றாகத் தோற்றது. அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக்!

அவ்வாண்டிலேயே சிக்காக்கோ சர்வகலாசாலை திறக்கப்பட்டது. யேலில் ஸ்டாக்கின் ஆசிரியராயிருந்த வில்லியம் ரெயினி ஹாப்பர் அதன் முதல் தலைவர். அவர் தம் மாணவரை அழைத்து, தேகப்பயிற்சிப் பகுதிக்குத் தலைவராக்கி, இணைப் பேராசிரியர் பதவியும் அளித்தார். ஆடுவதற்கு ஆள் போதாமையால் முதலாண்டில் பயிற்சியாளரும் மாணவரோடு களமிறங்கினார். ஹாப்பரின் நோக்கம் முற்றும் தூயது எனக் கூறமாட்டோம். புதிய கலாசாலையின் பெயரை நாடறியச் செய்ய விளையாட்டு உதவும் என்பதும் அவர் கணக்கு.

அக்கணக்குப் பொய்க்கவில்லை. ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை 1905 இல் சிக்காக்கோ இரண்டுக்குச் சுழியமாக வென்றது. அதே ஆண்டில் இவ்வாட்டம் இளைஞர் உயிரைக் குடிக்கிறது என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டே கலாசாலைப் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. விதிகளை வகுக்கும் சபையில் ஸ்டாக் அங்கத்தவராயிருந்தார். 1906 இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி பிறந்தது. வெறும் உடல்வலியோடு மதிநுட்பத்துக்கும் ஆட்டத்தில் இடம் கிட்டிற்று.

இவற்றிலெல்லாம் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கும் பங்குண்டு. மைதானத்தருகே அமர்ந்து, ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் வரைபடமாகக் குறித்துக் கணவருக்குக் கொடுப்பது அவ்வம்மையாரின் வழக்கம்.

நாற்பதாண்டுகள் கடந்தன. 1932 இல் எழுபது வயதானோர் ஓய்வு பெறவேண்டும் என்னும் விதி குறுக்கிட்டது. பேராசிரியருக்குரிய மதிப்பை அளித்த பதவியே பேராசிரியருக்குரிய ஓய்வையும் கொண்டுவந்தது. வெறும் கூலிப் பயிற்சியாளராயிருப்பின், வெற்றி தரும்வரை வைத்திருப்பார்களோ, என்னவோ! அப்போதைய தலைவர் ரொபர்ட் ஹட்சின்ஸ், கலாசாலைக்கு அறிவே முதன்மை என்ற கொள்கையர். அக்கொள்கையை நாம் குறைகூறோம். ஆனால், உடல் தளராத ஆசானை ஆண்டுக் கணக்கைக் காட்டி அகற்றியது நமக்கு உவப்பாயில்லை. களத்தை விட்டு வேறு பணி ஏற்க ஸ்டாக் இசையவில்லை. கலிபோர்னியாவிலிருந்த பசிபிக் கலாசாலைக்குச் சென்றார்.

1938 இல் தம் புதிய மாணவரோடு அவர் சிக்காக்கோவுக்குத் திரும்பினார். தம் பெயரே சூட்டப்பட்டிருந்த ‘ஸ்டாக் மைதான’த்தில், தாம் நாற்பதாண்டு வளர்த்த அணியை முப்பத்திரண்டுக்குச் சுழியமாக வென்றார். வெற்றிக்கு மகிழ்ந்தாரோ, பழைய அணியின் நலிவுக்கு வருந்தினாரோ! அடுத்த ஆண்டில் சிக்காக்கோ அவ்வாட்டத்தையே கைவிட்டது. பார்வையாளரற்ற அம்மைதானத்தின் மேற்குப் படிவரிசையின் கீழ், 1942 டிசம்பர் 2 ஆம் நாள், என்றிக்கோ பேர்மியும் துணைவரும் அணுவின் தொடர்வினையை முதன்முறையாகக் கட்டுப்படுத்தி நிகழ்த்தினர்.

மறு ஆண்டில், எண்பத்தொரு வயதான ஸ்டாக்கை அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளராகச் சக பயிற்சியாளர்கள் தெரிந்தெடுத்தனர். 1947 முதல் 1952 வரை பென்சில்வேனியாவில் தம் மகனுக்குத் துணையாய் நின்று பயிற்றினார். அதன்பின்னும் ஸ்டொக்டன் நகரில் ஒரு சிறு கலாசாலை மாணவருக்குப் பந்துதைக்கக் கற்பித்தார். 1965 இல், நூற்றிரண்டாம் வயதில், அந்நகரிலேயே காலமானார். அவர் கணக்கிலிருந்த 314 வெற்றிகளை 1981 இல்தான் அலபாமாவின் போல் பிரயன்ட் கடந்தார். விளையாட்டுத் திறமைக்கென உபகாரச் சம்பளம் வழங்காத கலாசாலைகளின் இறுதியாட்டம் 1973 முதல் ஸ்டாக்கின் பெயரைத் தாங்கி வருகிறது.