இமை முடியும் இரவல் அழகும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, காந்திகிராமத்துக்கு அயலில், சிறுமலையைக் கண்ணெதிரே கொண்டு விளங்கும் சின்னாளப்பட்டியின் நெசவாளர்கள், பட்டுப் புழுவின் நூலை விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பங்களுக்கும் முகூர்த்த நாளில் ஒரு பளபளப்பு கிடைக்க வேண்டும் என்று, மரக்கூழிலிருந்து ஆலையில் பிறந்த ரேயான் இழையைத் தறியில் ஏற்றி, ‘ஆர்ட் சில்க்’ என்னும் செயற்கைப் பட்டுச் சேலைகளை நெய்து தமிழ்நாடெங்கும் அனுப்பியவர்கள். அந்தச் சேலையை உடுத்தி மணவறையில் அமர்ந்த பெண்களின் சந்தோஷத்தில் செயற்கை ஒன்றும் இல்லை. ஆகையால், திண்டுக்கல், மதுரை போன்ற நகரங்களின் பியூட்டி பார்லர்களில் இக்காலத்து இளம் பெண்கள் விரும்பிச் செய்துகொள்ளும் ‘ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்’ என்ற இமை முடி ஒட்டும் அலங்காரத்தை, அது செயற்கை என்ற ஒரே காரணத்துக்காக இகழ்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சேலை உடலின் மேல் கிடப்பது. இந்த முடியோ கண்ணின் விளிம்பிலேயே வாரக்கணக்கில் குடியிருப்பது. அந்த வேற்றுமையை மறவாதவர்களுக்கே இந்த அலங்காரம் தகும் என்பது என் அபிப்பிராயம்.

இமை முடியை இயற்கை வெறும் சிங்காரத்துக்காக வைக்கவில்லை. மேலிமையில் ஏறத்தாழ தொண்ணூறு முதல் நூற்றைம்பது வரையும், கீழிமையில் எழுபது, எண்பதும் முளைத்திருக்கும் அந்த முடிகள், தூசு தொட்ட மாத்திரத்தில் இமையை மூடச் செய்யும் காவலர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள் இருபத்திரண்டு பாலூட்டி இனங்களின் இமைகளை அளந்து, காற்றுக் குழாயில் மாதிரிக் கண்களை வைத்துச் சோதித்து, 2015-இல் வெளியிட்ட முடிவு மிகவும் விசேஷமானது: கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமே இமை முடிக்கு உகந்த நீளம், அந்த அளவில் அது கண்ணின் ஈரத்தைக் காக்கிறது, அதைக் கடந்து நீண்டால் காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பிவிட்டு ஈரத்தை உலரச் செய்கிறது. விசிறியைப் போல் நீண்ட முடி வேண்டும் என்று கேட்கிற பெண், கோடைக் காற்றும் புழுதியும் நிறைந்த நம் திண்டுக்கல் சமவெளியில் இருசக்கர வண்டி ஓட்டிச் செல்பவளாயின், இந்த உண்மையை ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

பொய் இமை புதிய சரக்கன்று. கனடா நாட்டு மாது அன்னா டெய்லர் 1911-இலேயே அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1916-இல் வெளியான ‘இன்டாலரன்ஸ்’ என்ற மௌனப் படத்தின் நடிகைக்காக, சிகை செய்யும் கலைஞர் ஒருவர் மெல்லிய வலைத்துணியில் மனித முடியைக் கோத்து இமை செய்து கொடுத்தார். அவையெல்லாம் மாலையில் உரித்து வைக்கும் பட்டைகள். ஒவ்வோர் இமை முடியையும் தனியே பிரித்து, அதன் மேல் ஒரு செயற்கை இழையை ஒட்டும் இன்றைய முறையோ கொரியாவிலும் ஜப்பானிலும் வளர்ந்து உலகெங்கும் பரவியது. ‘பட்டு’ என்றும் ‘மிங்க்’ என்றும் பெயரிட்டு விற்கப்படும் அந்த இழைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் குலத்தைச் சேர்ந்தவையே.

செய்யும் விதம் பொறுமையைக் கோருவது. வாடிக்கையாளரைக் கண் மூடிப் படுக்க வைத்து, கீழிமை முடியை ஜெல் பட்டையால் மறைத்து, இரண்டு இடுக்கிகளைக் கொண்டு, சுங்குடிச் சேலைக்காகத் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூல் சுற்றும் கைகளின் நிதானத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி முடிக்க இரண்டு மணி நேரம் வரை ஆகும். இழை தோலைத் தொடக்கூடாது. வேரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவாவது தள்ளி நிற்க வேண்டும். இரண்டு இயற்கை முடிகள் ஒரே பசையில் சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்துவிட்டால், ஒன்று வளர மற்றொன்று இழுபட்டு, வேரோடு பறிந்துபோகும்.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது பசை. 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிய கோடக் நிறுவனத்து ரசாயனி ஹாரி கூவரின் கையில் அகப்பட்ட சயனோஅக்ரிலேட் என்னும் பொருளின் இனமே இதுவும். காற்றின் ஈரத்தால் இறுகுவது. இறுகும்போது எழும் ஆவி கண்ணைக் கரிக்கச் செய்யும். அதிலிருந்து சிறிதளவு ஃபார்மால்டிஹைடும் வெளிப்படக்கூடும். அதனால்தான் கண்ணைத் திறவாமல் மூடியிருக்கச் சொல்கிறார்கள். ஒவ்வாமை சிலருக்கு முதல் தடவையிலேயே வரும். சிலருக்குப் பல தடவை சுகமாகச் செய்துகொண்ட பின் திடீரென்று வரும். ஆகையால், ஓரிரு நாள் முன்னதாகவே சிறிது பசையை வைத்துப் பார்க்கும் ‘பேட்ச் டெஸ்ட்’ இல்லாமல் இமையை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். இடுக்கிகளைக் கிருமி நீக்கம் செய்கிறார்களா, என்ன பசை, அது எப்போது திறக்கப்பட்டது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. கேட்டதற்கு முகம் சுளிக்கும் கடை நமக்கு வேண்டாத கடை. கண்கட்டி, கண்வலி, கண் வறட்சி உள்ளவர்களும், அண்மையில் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

பராமரிப்பைப் பற்றி நிலவும் பெரிய மயக்கம், தண்ணீர் பட்டால் முடி உதிர்ந்துவிடும் என்று வாரக்கணக்கில் இமையைக் கழுவாமலே விட்டுவிடுவது. முதல் நாள் மட்டும் தண்ணீரும் அடுப்பு ஆவியும் படாமல் காத்தால் போதும். அதன்பின் எண்ணெய்ப் பசையற்ற மென்னுரையால் நாள்தோறும் இமையின் அடியை மெதுவாகக் கழுவி, ஒற்றி உலர்த்தி, சிறு தூரிகையால் வாரிவிட வேண்டும். கழுவாத இமையில் அழுக்கும் உதிர்ந்த தோலும் சேர்ந்து, இமையின் விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை அடைத்து, வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்கும். தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசும் இதனோடு சேரும். நம் வீடுகளின் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இந்தப் பசைக்குச் சத்துரு. தலையில் தேய்த்த எண்ணெய் இமைக்கு வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெய் கலந்த கண் மையையும் ஒட்டிய முடி இருக்கும் காலம் வரை ஒதுக்கி வைப்பது உத்தமம். குப்புறப் படுப்பதும், கண்ணைக் கசக்குவதும், விறகடுப்பின் முன் குனிந்து ஊதுவதும் கூடாது. செயற்கை இழை அனலில் சுருண்டுவிடும்.

இமை முடி எவருக்கும் தினமும் இரண்டொன்று உதிர்வது இயல்பே. உதிரும்போது ஒட்டிய இழையும் உடன் போவதால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் இடைவெளியை நிரப்பிக்கொள்ள நேரிடும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும். திருமணம் என்ற ஒரு நாளுக்காக மட்டும் விரும்பும் மணப்பெண்ணுக்கு, மாலையில் கழற்றிவிடக்கூடிய பட்டை இமையே போதுமானது என்பேன்.

அகற்றும்போது ஒருபோதும் பிடுங்க வேண்டாம். பசையை இளக்கும் திரவத்தால் பழகிய கையே அதைச் செய்யட்டும். பசை கண்ணுக்குள் சென்றுவிட்டால் ஏராளமான சுத்த நீரால் கழுவி, ஒட்டிய இமையை வலிந்து திறக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, பார்வை மங்கினால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலத்தைக் கடத்தாதீர்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை சின்னாளப்பட்டியிலிருந்து பேருந்தேறிப் போகும் தூரத்தில், மதுரையில் இருக்கிறது. செலவுக்கு அஞ்சும் ஏழைகளுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது.