சப்பாத்துக்குள் ஒரு பயிற்றுநர், முழங்கைக்கு மட்டும் ஒரு நீதிமன்றம்

2018 டிசெம்பரில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அகில தனஞ்சயவின் பந்துவீச்சுக்குச் சர்வதேச கிரிக்கெட் சபை தடை விதித்தது. காலியில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்டில் ஐயம் எழுந்தது. பிறகு பிரிஸ்பேனில் பரிசோதனை நடந்து, அவருடைய முழங்கை விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டி நிமிர்கிறது என்று முடிவானது. பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு 2019 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி பெற்றார். அதே ஆண்டு ஓகஸ்டில், அதே காலியில், நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் மறுபடியும் முறைப்பாடு எழுந்தது. இந்தமுறை பரிசோதனை சென்னையில். செப்டெம்பரில் ஓராண்டுத் தடை வந்தது. திருத்தப்பட்ட கை எந்த வாரத்தில், எந்தப் பயிற்சியில், எத்தனையாவது ஓவரின் களைப்பில் வழி மாறியது என்பதை எந்தப் பரிசோதனைக்கூடமும் சொல்லாது. வீரர் அழைக்கப்பட்ட நாளில் மட்டுமே அது பேசும். இலங்கைக் கிரிக்கெட்டில் உடலசைவை அளப்பது முப்பது ஆண்டுகளாகக் குற்றச்சாட்டுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. கற்றுக்கொள்ளும் வயதிலேயே, கற்றுக்கொடுப்பவரின் பக்கத்தில் அது வந்திருக்க வேண்டும். அப்படி வரமுடியும் என்பதற்கு வெப்பநாடான நமக்குச் சற்றும் தொடர்பில்லாத பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து ஒரு சான்று இருக்கிறது.

லண்டனைச் சேர்ந்த கார்வ் என்ற நிறுவனம் 2016-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கியது. பனிச்சறுக்குச் சப்பாத்தின் உள்ளே, பாதத்துக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று. அதில் அழுத்தத்தை உணரும் பல புள்ளிகள். கூடவே அசைவையும் சுழற்சியையும் உணரும் நுண்கருவிகள். பிந்திய வடிவத்தில் அடித்தகடு போய், சப்பாத்தின் வெளியே மாட்டும் சிறு பெட்டி மட்டும் எஞ்சியது. தரவு கைப்பேசிக்குப் போகிறது; கைப்பேசி இயர்போன் வழியே சறுக்குபவரோடு பேசுகிறது. சரிவில் வளையும்போது உடலின் பாரம் வளைவின் வெளிப்பக்கத்துக் காலுக்குப் போகவேண்டும். பலகையின் விளிம்பு பனியில் போதிய சாய்வில் பதியவேண்டும். உடல் பின்னால் சாயக்கூடாது. புதிதாகக் கற்பவர் அச்சத்தில் செய்வது இந்த மூன்றுக்கும் நேரெதிர்: மலையின் பக்கமாக ஒதுங்குவார், பின்னால் சாய்வார், பாரத்தை உட்காலில் வைப்பார். அப்படிச் செய்வது அவருக்குத் தெரியாது. சரிவோரத்தில் நிற்கும் ஆசிரியர் கண்டுகொண்டாலும், அடிவாரத்துக்கு வந்துசேர்ந்த பிறகே சொல்லமுடியும். அதற்குள் அந்த வளைவின் உணர்வு காலில் மிஞ்சியிருக்காது. கருவியோ வளைவு முடிந்த கணத்தில், அடுத்த வளைவுக்கு முன்பாகச் சொல்லிவிடுகிறது. அதன் மதிப்பு முழுவதும் இந்த இடைவெளியை ஒழிப்பதில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1995 டிசெம்பர் 26-ஆம் திகதி மெல்போர்னில் நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு தடவை நோ-போல் என்று அறிவித்தார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவன் முரளிதரனை, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனை பதினான்கு வயதில் சுழற்பந்தின் பக்கம் திருப்பியது. பிறவியிலேயே முழுதாக நிமிராத அவருடைய முழங்கை அறிவியல் முறையில் அளக்கப்பட்டது 1996-இல், அதாவது குற்றம் சுமத்தப்பட்ட பிறகு, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும். கை எறிவதுபோல் தெரிவது கண்ணின் மயக்கம் என்றது முடிவு. வளைந்தே இருக்கும் ஒரு கை தோளிலிருந்து சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு அது நிமிர்வதாகத் தோன்றும். பல கோணங்களில் கமராக்களை வைத்து, கையில் ஒட்டிய அடையாளங்களை முப்பரிமாணத்தில் தொடர்ந்தால்தான் உண்மை தெரியும். ஆயினும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் நோ-போல் அறிவித்தார். 2004-இல் அவருடைய தூஸ்ரா, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து, ஐயத்துக்கு உள்ளானது.

அந்த 2004 பரிசோதனைதான் என் வாதத்துக்கு முக்கியம். பேர்த்தில் அளந்தபோது தூஸ்ராவில் முழங்கை சராசரியாக 14 பாகை நிமிர்ந்தது. அங்கேயே திருத்தப் பயிற்சி கொடுத்தார்கள், அளவு 10.2 பாகைக்கு இறங்கியது. அன்று சுழற்பந்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 5 பாகை என்பதால் பத்திரிகைகள் எல்லை மீறலைப் பற்றியே எழுதின. நடந்த இன்னொன்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை: உலகத்தரத்தில் ஊறிப்போன ஒரு கை, தன் அளவு தனக்குத் தெரிந்ததும், குறுகிய காலத்தில் கிட்டத்தட்ட நான்கு பாகை மாறிக்கொண்டது. பல ஆண்டுப் பழக்கமே இப்படி அசையுமென்றால், பன்னிரண்டு வயதுக் கைக்கு அந்த அளவு கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதிவேகக் கமராக்களால் ஆராய்ந்தபோது அநேகமாக எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் சிறிதளவாவது நிமிர்கிறது என்று தெரியவந்தது. அதனால் 2005 மார்ச் 1 முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று எல்லை மாறியது. விதி அறிவியலுக்கு இணங்கியது. பயிற்சி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 2014-இல் சசித்ர சேனாநாயக்க, அடுத்த ஆண்டு தரிந்து கௌஷாலின் தூஸ்ரா, பிறகு அகில தனஞ்சய என்று ஒவ்வொருவரும் தேசிய அணிக்கு வந்த பின்னர்தான் தங்கள் முழங்கையின் கணக்கு பரிசோதனைக்கூடத்தில் தீர்க்கப்படுவதைப் பார்த்தார்கள்.

உடனுக்குடன் சொல்வதால் மட்டும் கற்றல் நிகழ்ந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆய்வாளர்களிடையே நாற்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதமும்கூட. 1984-இல் சல்மோனி, ஷ்மிட், வோல்டர் ஆகியோர் ஓர் எச்சரிக்கையை முன்வைத்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பிழை சொல்லிக்கொண்டே இருந்தால், கற்பவர் அந்தக் குரலில் சாய்ந்துவிடுவார். குரல் நின்றதும் திறமையும் சரியும். 1990-இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் செய்த சோதனைகளில், பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் படிப்படியாகக் குறைத்துப் பிழை சொல்லப்பட்டவர்களே பிற்பாடு நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கைகளின் எளிய அசைவுகளில் கிடைத்த அந்த முடிவு, முழு உடலும் ஈடுபடும் சிக்கலான திறன்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. 1998-இல் கப்ரியல் வுல்ஃபும் சகாக்களும் பனிச்சறுக்கைப் போன்ற அசைவைத் தரும் ஒரு மேடையில், வளைந்த தண்டவாளத்தின்மேல் ஆட்களை ஆடவிட்டுச் சோதித்தார்கள். அங்கே ஒவ்வொரு முயற்சிக்கும் தகவல் பெற்றவர்களே நன்றாகக் கற்றார்கள். அதே ஆண்டு, அதே வகை மேடையில் நடந்த இன்னொரு சோதனை இதைவிடப் பயனுள்ளது. ஒரு குழுவிடம் "வெளிக்காலால் அழுத்துங்கள்" என்றும், மற்றொரு குழுவிடம் "மேடையின் வெளிச்சக்கரத்தை அழுத்துங்கள்" என்றும் சொன்னார்கள். செய்யவேண்டிய செயல் ஒன்றுதான். சக்கரத்தை நினைத்தவர்கள் சிறப்பாகக் கற்றார்கள். தன் உடலைத் தானே மேற்பார்வை செய்யத் தொடங்கும்போது அசைவு இறுகிவிடுகிறது. விளைவை நோக்கிக் கவனம் போகும்போது உடல் தானாகவே வழி கண்டுகொள்கிறது.

ஓட்டத்தில் கிடைத்த சான்று இதைவிட உறுதியானது. 2011-இல் குரோவெலும் டேவிஸும் பத்து ஓட்டக்காரர்களின் கணைக்காலெலும்பில் அதிர்வு உணரியைக் கட்டி, ஒவ்வொரு அடியும் தரையில் மோதும்போது எழும் அதிர்வைத் திரையில் காட்டினார்கள். எட்டு அமர்வுகள், கடைசி நான்கில் திரையைச் சிறிது சிறிதாக மறைத்தார்கள். அதிர்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. ஹொங்கொங்கில் 320 புதிய ஓட்டக்காரரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் இப்படிப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் காயமடைந்தோர் 16 சதவீதம். பெறாதவர்களில் 38 சதவீதம். கருவியை நிரந்தர ஊன்றுகோலாகக் கொடுக்காமல், தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக அரிதாகவும் கொடுத்து விலக்கிக்கொண்டதுதான் இதன் சூட்சுமம்.

இனி, கார்வ் கருவி திரையில் காட்டாமல் இயர்போனில் பேசுகிறதே, காதுக்கு ஏன் இந்த முதன்மை? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பரதநாட்டிய வகுப்பொன்றைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நட்டுவனார் தட்டுமனையில் கழியைத் தட்டிச் சொற்கட்டுச் சொல்லும்போது, பிள்ளையின் கண் கையசைவிலும் பார்வையிலும் இருக்கிறது; பாதம் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. முழங்காலை எத்தனை பாகை மடக்கவேண்டும் என்று அந்த ஒலி சொல்வதில்லை. எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்பதை மட்டும் சொல்கிறது. மிச்சத்தை உடல் தேடிக்கொள்கிறது. ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் நீனா ஷஃபெர்ட்டும் சகாக்களும் படகோட்டிகளுக்குச் செய்தது ஏறக்குறைய இதே வேலை. படகின் முடுக்கத்தைச் சுருதியாக மாற்றி ஓட்டுபவர்களைக் கேட்கவைத்தார்கள். துடுப்பை மீளக் கொண்டுவரும் இடத்தில் படகு தளர்வது காதில் விழுந்தது. படகின் வேகம் கூடியது. பேரே வாவியில் 1864 முதல் படகோட்டும் கொழும்புப் படகோட்டக் கழகத்தினருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. நடனத்தில் அந்த ஒலி அரங்கேற்றத்திலும் கலையின் ஒரு பகுதியாகக் கூடவே வரும். ஆட்டக்களத்தில் பந்துவீச்சாளரின் காதில் யாரும் பேசமாட்டார்கள். அதனால்தான் விலக்கிக்கொள்வது பற்றி இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

மறுப்புகளில் வலுவானது இது: கருவி எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடாதா? சராசரி மணிக்கட்டை மாதிரியாக வைத்த ஒரு பெட்டி, முரளியின் கையில் ஒவ்வொரு பந்துக்கும் எச்சரிக்கை ஒலி எழுப்பியிருக்கும்; கையைத் தோளுக்குப் பக்கவாட்டில் சுழற்றிய லசித் மாலிங்கவை முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கும். இந்த அச்சம் உண்மையானது. இதைத் தீர்க்காமல் எந்தப் பாடசாலையும் இத்தகைய கருவியை வாங்கக்கூடாது. ஆனால் முரளியின் தனித்தன்மையைக் காத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். அழித்துவிடப் பார்த்தது அனுபவமுள்ள நடுவரின் வெறுங்கண், காப்பாற்றியது அளவீடு. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம். பிள்ளையின் இன்றைய கையை, அவனது நேற்றைய கையோடும் 15 பாகை என்ற எல்லையோடும் ஒப்பிட்டால் போதும். வேறொரு நட்சத்திரத்தின் கையோடு ஒப்பிடும் செயலி எதுவானாலும் அதை ஒதுக்கிவிடலாம்.

அடுத்த மறுப்பு நம்பகத்தன்மை. மேற்கையிலும் முன்கையிலும் உணரிகளைக் கட்டிப் பந்து எறிதலைக் கண்டறியும் வழியை அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இலேயே எழுதினார்கள். ஆயினும் தீர்ப்பு இன்றைக்கும் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடங்களில்தான் வழங்கப்படுகிறது. தோல் எலும்பின்மேல் வழுக்கும், பட்டை நகரும், உணரியின் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். 14-க்கும் 16-க்கும் இடையில் ஒருவரின் எதிர்காலத்தை முடிவுசெய்ய இவை போதா. கற்பிப்பதற்குத் தேவைப்படும் துல்லியம் வேறு. களைப்பு வந்ததும் கை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிமிர்கிறதா என்று தெரிந்தால் போதும். பயிற்றுநர் அந்த இடத்தில் நிறுத்தி ஓய்வு கொடுக்கலாம், பந்துவீச ஓடிவரும் தூரத்தைக் குறைக்கலாம். ஆகவே பயிற்சியில் திரட்டும் தரவு எதையும் ஒழுங்கு நடவடிக்கைக்கோ அணித்தேர்வுக்கோ பயன்படுத்தக்கூடாது என்ற விதியை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். பிள்ளைகளின் உடல் விவரம் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினியில் போய்த் தங்குவதற்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

செலவு பற்றியும் சொல்லவேண்டும். கெத்தாராமவில் ஆர். பிரேமதாச மைதானம் மிக அருகில் இருந்தும், கொலன்னாவைப் பாடசாலைப் பிள்ளைக்கு விலையுயர்ந்த உணரி எட்டாத பொருள்தான். ஆனால் தத்துவம் விலைக்கு விற்கும் பெட்டிக்குள் அடங்கியதல்ல. 2011-இல் ஹைடர்ஷீட்டும் சகாக்களும் செய்த ஆய்வில், ஓடும் வேகத்தை மாற்றாமல் அடிகளின் எண்ணிக்கையை 5 அல்லது 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்று கண்டார்கள். அதற்குத் தேவைப்படுவது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தாளக்கருவி. இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் மெதுவோட்டப் படப்பிடிப்பு இருக்கிறது. பயிற்சி வலையின் பக்கத்திலும் பின்னாலும் இரண்டு கைப்பேசிகளை நிறுத்தி, ஓவர் முடிந்தவுடனே காட்டுவது பரிசோதனைக்கூடம் ஆகாது. பின்னாளில் வரும் தடைக் கடிதத்தைவிட அது பல மடங்கு மேல். இதனால் பயிற்றுநர்களின் வேலை போய்விடும் என்ற பேச்சும் பொருந்தாது. எந்தப் பிழையை இன்றைக்குச் சொல்வது, எதை அடுத்த மாதத்துக்கு விடுவது, காலைச் சொல்வதா சக்கரத்தைச் சொல்வதா என்று தெரிவுசெய்ய ஒரு மனிதர் வேண்டும்.

கல்வி அமைச்சின் விளையாட்டுப் பிரிவும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமும் முதலில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 13 வயதுக்குட்பட்ட சுழற்பந்து வீச்சாளர் ஒவ்வொருவரின் கையையும் ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட மட்டத்தில் இரு கோணங்களில் படம்பிடித்து, அதை அந்தப் பிள்ளையிடமும் அவனது பயிற்றுநரிடமும் மட்டும் கொடுங்கள். ஐயத்துக்குரிய கைகளை மட்டும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இருபத்தைந்து வயதில் பிரிஸ்பேனுக்கோ சென்னைக்கோ அனுப்பி அளப்பதைவிட, இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.