நின்றுபோன இரண்டாயிரம்

"இந்தத் தவணை ஏன் வரலை?" என்று பாஸ்புக்கை நீட்டுபவரை வங்கியில் வேளாண்மை ஆபீசுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு. அலைந்து களைத்தவரிடம்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக. 1.2.2019-க்குள் சாகுபடி நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்குத்தான் பணம். வருமான வரி கட்டியவர்களுக்கும், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் (கடைநிலை ஊழியராக இருந்தவர்கள் தவிர) கிடையாது. தகுதியில்லாமல் வாங்கினால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அது வெறும் மிரட்டல் அல்ல. 2020-இல், ஊரடங்குக் காலத்தில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் விவசாயிகளாகப் பதிவானார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல் கம்ப்யூட்டர் சென்டர்கள் வரை போயிருந்தது. சுமார் 110 கோடி ரூபாய் தவறான கணக்குகளுக்குப் போனதாக அரசே சொன்னது; சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகளிடமிருந்தும் பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆதாரையும் பாஸ்புக் நகலையும் முகம் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தகுதியுள்ளவருக்குப் பணம் நின்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடியவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, நில விவரம் ஏறவில்லை. பி.எம். கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எது பாக்கி என்று தெரிந்துவிடும். முதலாவதற்கு இ-சேவை அல்லது பொது சேவை மையம். இரண்டாவதற்கு வங்கி, அல்லது தபால் நிலையத்தில் ஒரு புதிய கணக்கு. மூன்றாவதற்கு பட்டா, சிட்டாவுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் அங்கேயே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

"உங்கள் தவணை நின்றுவிட்டது, இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.

அலுவலகத்தில் பதில் இல்லையா? திட்டத்தின் உதவி எண் 155261. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தாக மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் "என் விண்ணப்பம் எந்தத் தேதியில், யாரால், ஏன் நிறுத்தப்பட்டது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

குத்தகைக்கு உழுபவருக்கு இதில் இடமில்லை என்பது இத்திட்டத்தின் பெரிய குறை. டெல்டாவில் தலைமுறையாகக் கோயில் நிலத்தை உழுபவருக்கும் ஒரு பைசா கிடையாது. அதை மாற்றக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கணவர் இறந்தபின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும் பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு, முதலில் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுங்கள். அவர் கணக்கில் இனி விழும் தவணையை எடுக்க வேண்டாம். பட்டா உங்கள் பெயருக்கு வந்ததும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.