கைவிட்ட வயல் காடாக மாறியது!
குடகு மலையில் ஒரு தம்பதியின் துணிச்சல்

ஆடிப் பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் காதோலை, கருகமணி வைத்துக் காவிரியை வணங்குகிறோம். அந்தக் காவிரி பிறக்கும் இடம் குடகு மலை. அங்கே மழை கொட்டினால் இங்கே நடவு நடக்கும். அங்கே வானம் ஏமாற்றினால், ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்று தஞ்சை விவசாயி பத்திரிகையைப் புரட்ட வேண்டியதுதான்.

அந்தக் குடகில் ஒரு கணவனும் மனைவியும் செய்த காரியம் இது.

கணவர் அனில் மல்ஹோத்ரா. மனைவி பமேலா, அமெரிக்க மாது. இருவரும் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர்கள் அல்ல. பரம்பரை விவசாயிகளும் அல்ல. அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள். 1986-ல் அனிலின் தந்தை இறந்தார். ஈமச் சடங்குக்காக இருவரும் ஹரித்துவார் வந்தனர். கங்கை அசுத்தமாகிக் கிடந்த காட்சி அவர்களை உலுக்கிவிட்டது. "இனி இங்கேதான்" என்று முடிவு செய்தனர்.

உதவாத நிலம்

இமயமலைப் பக்கம் நிலம் தேடினார்கள். சரிப்படவில்லை. தெற்கே வந்தார்கள். 1991-ல் குடகில் 55 ஏக்கர் வாங்கினார்கள். அந்த மழையில் காப்பி உள்பட எதுவும் சரியாக வரவில்லை என்றுதான் சொந்தக்காரர் அதை விற்றார். அவருக்கு உதவாத நிலம் இவர்களுக்குப் புதையலாகத் தெரிந்தது!

பிறகு அக்கம்பக்கத்து நிலங்களையும் வாங்கினார்கள். விளைச்சல் கட்டாமல் போட்டுவிட்ட நெல் வயல்கள், காப்பித் தோட்டங்கள், ஏலத் தோட்டங்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 300 ஏக்கர் ஆயிற்று.

இவ்வளவு நிலத்தை வாங்கி உழாமல், விதைக்காமல் போடுவதா? ஊரார் "பைத்தியம்" என்றார்கள். தஞ்சாவூர்க்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மரத்தை வெட்டவில்லை. பூச்சி மருந்து தெளிக்கவில்லை. வெற்றிடங்களில் அந்த மண்ணுக்குரிய மரங்களை மட்டும் நட்டார்கள். மற்ற வேலையைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் விதை முளைத்தது. முதலில் புதர், பிறகு மரம், அதன் நிழலில் இன்னும் பெரிய மரம்.

உதிர்ந்த இலை மக்கினால் நிலம் பஞ்சு போல ஆகிறது. மொட்டை மலையில் பெய்யும் மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் ஓடிவிடும். காட்டில் பெய்யும் மழையோ பூமிக்குள் இறங்கி, கோடையிலும் ஓடையாகக் கசியும். 300 ஏக்கர் காட்டால் மேட்டூர் நிரம்பிவிடாதுதான். ஆனால் மேட்டூருக்கு வரும் தண்ணீரில் பெரும் பகுதி அப்படிப்பட்ட மலைகளில் விழுந்ததே.

பூசாரியைக் கொன்ற புலி

வேட்டைக்காரர்களைத் தடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு சமயம் பக்கத்துக் கோயில் பூசாரியைப் புலி கொன்றுவிட்டது. ஜனங்கள் நடுங்கினார்கள். பாதுகாப்பான வேறு இடத்தில் கோயிலைக் கட்டிக்கொள்ளத் தம்பதிகள் உதவினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வேட்டையை விட்டுவிட வேண்டும். "விநாயகரையும் அனுமாரையும் கும்பிடுகிறீர்கள், மிருகங்களிடம் இரக்கம் காட்டக் கூடாதா?" என்று கேட்டார்களாம். கேள்வி வேலை செய்தது என்று பத்திரிகை நிருபர்களிடம் அனில் கூறியிருக்கிறார்.

காட்டுக்குச் 'சாய் சரணாலயம்' என்று பெயர் வைத்தார்கள். யானை, புலி, சிறுத்தை, மான், நீர்நாய் எல்லாம் வந்தன. 300-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டன.

2017 மார்ச் மாதம் டெல்லியில் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி, பமேலாவுக்கு 'நாரி சக்தி' விருது வழங்கினார். அனில் 2021-ல் காலமானார். உழவு மாடு நின்ற வயலில் அதற்கு வெகு காலம் முன்பே யானைக் கூட்டம் நடமாடத் தொடங்கிவிட்டது.